வெளித்தாள் படித்த ஜட்ஜம்மா

பல் ஆஸ்பத்திரி என்று பெயர்தான் பெரிது. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, வெளியே ஒரு வரவேற்பறை, மாடியில் டாக்டரின் வீடு. வரவேற்பறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ஜட்ஜம்மா என்று கூப்பிட்டார்கள். கோர்ட்டுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்தது கிடையாது. டோக்கன் கொடுப்பது, பெயர் சொல்லி அழைப்பது, கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைப்பது, மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்களை வெளியே உட்காரவைத்து நேரம் பார்ப்பது, இவைதான் அவள் வேலை. தீர்ப்புச் சொல்வது அவளாக எடுத்துப் போட்டுக்கொண்டது. அதற்குச் சம்பளம் இல்லை.

ஜட்ஜம்மாவுக்கு மூக்கின்மேல் கோபம். காலையில் பேப்பரைப் பிரிக்கும்போதே முகம் கடுகடுவென்று ஆகிவிடும். திறப்பு விழாவுக்கு முன்பே விரிசல் விட்ட மேம்பாலம், குடிநீர்க் குழாயில் வந்த சாக்கடை, வயதானவர்களை வெயிலில் நிற்கவைத்த அலுவலகம் என்று எதையும் சும்மா விட்டதில்லை. என்ன குற்றமோ அதுவே தண்டனை என்பது அவள் சட்டம்.

"பாலம் கட்டின இன்ஜினியரை அதே பாலத்துக்கு அடியில குடித்தனம் வைக்கணும். தண்ணி விட்ட அதிகாரிக்கு அதே தண்ணியில டீ போட்டுக் குடுக்கணும்."

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாக்கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருப்பவர்களுக்கு, கத்துகிறவள் எவ்வளவோ மேல். ஆனால் கத்துவதற்கு அவளுக்குக் கிடைத்த இடம் அப்படி. பல் ஆஸ்பத்திரியில் எதிர்க்கட்சிக்கு வாயைத் திறக்க முடியாது. ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், ஒருவர் பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பார், ஒருவருக்கு ஊசி போட்டு நாக்கு தடித்திருக்கும். அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். வலியில் ஆட்டினார்களா, ஆமாம் என்று ஆட்டினார்களா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. டாக்டர் மாடியில் காலைச் சாப்பாட்டோடு பேப்பரை முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் அது கீழே வரும். அதற்குள் டாக்டரின் மனைவி உள்தாள்களை உருவி வைத்துக்கொள்வாள். அவள் கூண்டு நிறையக் குருவிகள் வளர்த்தாள். கூண்டின் அடியில் தினமும் புதுத்தாள் விரிக்க வேண்டும். வெளித்தாளில் கலர் மை அதிகம், குருவிகள் கொத்தித் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் உள்தாள்கள் குருவிக்கு, வெளித்தாள் நோயாளிக்கு. ஜட்ஜம்மா பல வருஷமாக முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்து விளையாட்டையும் மட்டும் படித்துக்கொண்டு, உலகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. அன்று அவளும் தங்கையும் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். தங்கை வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று சம்பாதிப்பவள். பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்துக் கடைத்தெருவுக்குப் போய், ஏசிக்காகவே பெரிய கடைகளுக்குள் நுழைந்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, பூங்காவில் பெஞ்ச் தேடி உட்காருவார்கள். வழி நெடுக ஜட்ஜம்மாவின் வாய் ஓயாது. நடைபாதைக் கல் ஆடினால் ஒரு தீர்ப்பு, சிக்னல் எரியாவிட்டால் ஒரு தீர்ப்பு. பழைய புத்தகக் கடையில் அவள் துப்பறியும் கதைகள் வாங்குவாள். அதிலும் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோனதாகப் பார்த்துப் பொறுக்குவாள், பாதி விலைக்குக் கிடைக்கும் என்று.

"யார் கொன்னாங்கன்னே தெரியாத கதையைப் படிச்சு என்ன பண்றே?" என்று தங்கை கேட்பாள்.

"பத்துப் பக்கம் படிச்சா எனக்கே தெரிஞ்சிடும். அதுக்கு எதுக்குக் கடைசிப் பக்கம்?"

"உன்கிட்ட மாட்டினவன் செத்தான்," என்பாள் தங்கை. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வேன் செய்தி வந்தது. ஒரு பள்ளி வேனில் தூங்கிப்போன சின்னக் குழந்தையை, கவனிக்காமல் உள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டார்கள். மத்தியானம் வரை வெயிலில் கிடந்த குழந்தை மயங்கிய நிலையில் கிடைத்து, எப்படியோ பிழைத்துக்கொண்டது. குழந்தைகளை ஏற்றி இறக்குகிற ஆயாவைப் போலீஸ் அழைத்துப் போகிற படம் முதல் பக்கத்தில் பெரிதாக வந்திருந்தது. அவள் இடது கையை விரித்து முகத்தில் பாதியை மறைத்திருந்தாள்.

ஜட்ஜம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது என்று படித்த பிறகும் அடங்கவில்லை. "இவளை அதே வண்டியில வெச்சுப் பூட்டணும். நடு வெயில்ல நிறுத்தி, கண்ணாடியை ஏத்திவிட்டு, சாவியைத் தூக்கிக் கிணத்துல போடணும்," என்றாள். அன்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள், மறுநாளும் சொன்னாள். மற்ற பேப்பர்கள் வந்து அடுக்கில் சேர்ந்துகொண்டே இருந்தன. அந்தத் தாளை மட்டும் அவள் ஒவ்வொரு நாளும் எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். ஜனங்கள் மறந்துவிடுவார்கள், மறக்க விடக்கூடாது என்பது அவள் எண்ணம். காது புளிக்கப் புளிக்க எல்லோரும் கேட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், ஒரு கன்னம் பந்துபோல வீங்கிய பெண் ஒருத்தி வந்தாள். தலையோடு சேர்த்துத் தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். பேச முடியாமல் விரலால் வாயைக் காட்டினாள். ஜட்ஜம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. அது அவள் குணம். பேப்பரில் இருக்கிறவர்களிடம்தான் கொடுமைக்காரி, நேரில் வருகிறவர்களிடம் அப்படி இல்லை. வரிசையில் இருந்தவர்களிடம் சொல்லி அவளை முன்னால் அனுப்பினாள். டாக்டர் பார்த்துவிட்டு, பல்லை எடுத்தாக வேண்டும் என்று ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே அனுப்பினார்.

"பயப்படாதீங்க, வலியே தெரியாது. இங்க என் பக்கத்துல உட்காருங்க," என்று ஜட்ஜம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் உட்காரவைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? கை தானாக அடுக்கின்மேல் போயிற்று.

"நீங்களே பாருங்க இந்த அநியாயத்தை. பச்சைக் குழந்தைங்க. இந்தப் பொம்பளை வண்டியில விட்டுட்டுப் பூட்டிட்டுப் போயிருக்கா. எங்கயோ கதை பேசிட்டிருந்திருப்பா. மூஞ்சியை மறைக்கிறா பாருங்க, வெக்கம் இருக்கிற மாதிரி. இவளை அதே வண்டியில வெச்சுப் பூட்டணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. எச்சில்தான் வழிந்தது. ஜட்ஜம்மா அவளிடம் பஞ்சைக் கொடுத்து, "பேசாதீங்க, பேசாதீங்க, எனக்குப் புரியுது. உங்களுக்கே வயிறு எரியுதுல்ல?" என்று தொடர்ந்தாள். அந்த ஆயாவின் வளர்ப்பைப் பற்றி, அவள் வாங்குகிற சம்பளத்தைப் பற்றி, அவளுக்கு ஒரு குழந்தை இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதைப் பற்றி எல்லாம் வெளுத்து வாங்கினாள். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. பல்வலி என்று நினைத்து ஜட்ஜம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் முதுகிலிருந்த கையைத் தட்டிவிட்டாள். எழுந்து நின்றாள். தாடையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். இடது கையை விரித்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டு, ஜட்ஜம்மாவை நேராகப் பார்த்தாள்.

அந்தக் கை. அதே விரல்கள்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாதிக் கெடுதலாவது குறைந்திருக்கும். ஜட்ஜம்மா அதைச் செய்யவில்லை. "நீயா அவ?" என்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

வரவேற்பறை முழுக்கத் திரும்பியது. மூலையில் உட்கார்ந்திருந்த டை கட்டிய ஆள் அடுக்கிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு போனை எடுத்தான். அந்தப் பெண் மறுபடி பேசப் பார்த்தாள். என்ன முயன்றும் குழறல்தான் வந்தது. கையை இப்படியும் அப்படியும் ஆட்டி இல்லை, இல்லை என்றாள். போன் தன் பக்கம் உயர்ந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"மரத்துப்போச்சா? அனுப்புங்க," என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

ஜட்ஜம்மா உள்ளே போனாள். "ஓடிட்டா டாக்டர். அந்த வேன் ஆயா அவதான். மடியில கனம் இல்லேன்னா எதுக்கு ஓடணும்?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே நின்றார். "எந்த வேன்? ஓ, அதுவா. அந்தம்மா மேல தப்பு இல்லைன்னு அப்பவே வந்துடுச்சே. அன்னிக்கு அவங்க வேலைக்கே வரலை, லீவு. டிரைவர் தனியா ஓட்டிட்டுப் போயிருக்கான். ஸ்கூல்ல கேட்டதும் கையில கிடைச்ச பேரைச் சொல்லிட்டாங்க. போலீஸ் விசாரிச்சு விட்டுட்டாங்க. சின்னதா உள்பக்கத்துல போட்டிருந்தான், நீங்க படிக்கலையா?"

"உள்பக்கம் எனக்கு எங்க வருது?" என்றாள் ஜட்ஜம்மா. பிறகு கோபம் பொங்கியது. "இத்தனை நாளா நான் வாசல்ல உட்கார்ந்து கத்திட்டிருக்கேனே, உங்க காதுல விழலையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"நீங்க எப்பவும் ஏதாவது கத்திட்டுதானே இருக்கீங்க அக்கா. நான் கவனிக்கிறதில்லை," என்றார் அவர், சாதாரணமாக.

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அந்தப் பெண் குற்றமில்லாதவள் என்ற செய்தி மாடியில் குருவி எச்சத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. அவள் குற்றவாளி என்ற செய்தியை ஜட்ஜம்மா தினமும் தூசி தட்டி மேலே எடுத்து வைத்திருக்கிறாள். டாக்டரைத் திட்டுவதா, அவர் மனைவியைத் திட்டுவதா, படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டவனைத் திட்டுவதா என்று தெரியாமல் அவள் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மரத்த உதட்டைக் கடித்துவிட்டிருந்தாள் போல, ரத்தம் கசிந்தது. அவளுக்கே தெரியவில்லை.

"வாங்க. பல்லை எடுத்துட்டுப் போங்க. ஊசி போட்டாச்சு. இதோட போனா சீழ் ஏறிடும்," என்றாள் ஜட்ஜம்மா. "எனக்குத் தெரியாதும்மா. இப்பதான் டாக்டர் சொன்னாரு. நான் பார்த்துக்கறேன், வாங்க."

"நீங்க பார்த்துக்கிட்டது போதும்."

வார்த்தைகள் வழுக்கி வழுக்கித்தான் வந்தன. இருந்தாலும் அந்தப் பெண் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினாள். "உங்க இடத்துல மட்டுமா கிடக்கு? மெக்கானிக் கடையில கிடக்கு. முடி வெட்டற இடத்துல கிடக்கு. எங்க போனாலும் முதல் பக்கம் கிடக்கு. உள்பக்கம் எங்கயும் கிடைக்கலை. தப்பு இல்லைன்னு போலீஸ்ல விட்டுட்டாங்க, ஸ்கூல்ல வேலையைத் திருப்பிக் குடுக்கலை. நாளைக்குக் குழந்தைகள் காப்பகத்துல பாத்திரம் கழுவற வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. வீங்கின மூஞ்சியோட போகக்கூடாதுன்னுதான் இங்க வந்தேன்."

ஜட்ஜம்மா மறுபடி கெஞ்சினாள். அந்தப் பெண்ணைத் திரும்பி வரவைத்தது அவள் கெஞ்சல் இல்லை. நாளைய வேலை.

வரவேற்பறைக்குள் நுழைந்ததும் ஜட்ஜம்மா நடுவில் நின்று சொன்னாள். "எல்லாரும் கேளுங்க. இவங்க மேல எந்தத் தப்பும் இல்லை. அன்னிக்கு இவங்க வேலைக்கே போகலை. நான் சொன்னது பொய். அந்தப் போட்டோவை அழிங்க சார்."

டை கட்டிய ஆள் தாளைத் தூக்கிக் காட்டினான். "என்னங்க, இங்கதான் படத்தோட போட்டிருக்கே. நீங்கதானே மேல எடுத்து வெச்சிருக்கீங்க."

"அதுக்கப்புறம் வந்தது உள்பக்கத்துல இருக்கு."

"எங்க, காட்டுங்க."

அவளிடம் ஏது? யாரோ பஞ்சுக்கு நடுவில் சிரித்தார்கள். "ஜட்ஜம்மா இன்னிக்குத் தீர்ப்பை மாத்திட்டாங்கப்பா," என்றது ஒரு குரல். ஜட்ஜம்மா அந்த ஆள் கையிலிருந்து தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தாள். அப்போதும் அது அவளுடைய வழக்கமான கோபம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே பல் எடுத்தாயிற்று. அந்தப் பெண் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் போனாள்.

அன்று சாயங்காலமே ஜட்ஜம்மா மாடிக்குப் போய் டாக்டரின் மனைவியிடம், இனிமேல் பேப்பர் முழுசாகக் கீழே வர வேண்டும் என்றாள். "குருவிக்கு என்ன பண்றது?" என்று கேட்டாள் அந்தம்மா. "குருவிக்கு முதல் பக்கத்தைப் போடுங்க," என்றாள் ஜட்ஜம்மா.

அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கைதான் வற்புறுத்தி வெளியே அழைத்துப் போனாள். பழைய புத்தகக் கடையில் ஜட்ஜம்மா நிற்கவில்லை. நடைபாதைக் கல் ஆடியது, ஒன்றும் சொல்லவில்லை. நம் பேச்சை யார் கேட்கிறார்கள், டாக்டரே கவனிப்பதில்லை என்கிறார், நம்மால் பெரிதாக என்ன கெட்டுவிட்டிருக்கப் போகிறது என்று அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அந்தச் சமாதானம் புருவம் திருத்துகிற பார்லர் வரைதான் வந்தது.

தங்கை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பார்லர்காரப் பெண் நூலைப் பல்லில் கடித்து, ஒரு புருவத்தை முடித்துவிட்டு, ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள்.

"பக்கத்துல குழந்தைகள் காப்பகம் இருக்குல்ல, அங்க போன வாரம் ஒருத்தி வேலைக்கு வந்தா. பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிஞ்சுடுச்சு. அந்த வேன் ஆயா. நேரா போய் மேனேஜர் கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கே அனுப்பிட்டாங்க. அவளையெல்லாம் அதே வண்டியில வெச்சுப் பூட்டி, நடு வெயில்ல நிறுத்தி, கண்ணாடியை ஏத்திவிட்டு, சாவியைத் தூக்கிக் கிணத்துல போடணும்."

ஜட்ஜம்மா மெல்ல எழுந்தாள். ஒரு சொல் மாறவில்லை. கிணறு உட்பட எல்லாம் அவளுடையது.

"இதை உனக்கு யாரு சொன்னது?"

"பல் அடைக்கப் போனப்ப அங்க ஒரு அம்மா..." பார்லர்காரி நிமிர்ந்து பார்த்தாள். வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு தலையாட்டிய எத்தனையோ பேரில் ஒருத்தி. நாற்காலியும் கோணமும் மாறியதில் இவ்வளவு நேரம் அவளுக்கும் ஆள் பிடிபடவில்லை. "அட, நீங்கதானே அது."

ஜட்ஜம்மா அவளைத் திட்டவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒற்றைப் புருவத்தோடு தங்கை பின்னால் ஓடினாள்.

காப்பகத்தில் குழந்தைகளைத் தூங்கவைத்திருந்தார்கள். வரிசையாகப் பாய்கள், திரை போட்ட ஜன்னல்கள், சுவரோரம் குட்டிக் குட்டிச் செருப்புகள். மேனேஜரம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டே எதிரே வந்தாள். ஜட்ஜம்மா நடந்தது முழுவதையும் சொன்னாள். லீவு, டிரைவர், உள்பக்கம், குருவிக் கூண்டு, பல், எதையும் விடவில்லை.

மேனேஜரம்மா பொறுமையாகக் கேட்டாள். "அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சும்மா. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"உறவு ஒண்ணும் இல்லை. அவங்களைப் பத்தித் தப்பா ஊரெல்லாம் சொன்னது நான்தான்."

"அப்படின்னா நீங்க இப்ப வந்து சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"கெட்டது சொன்னப்ப கேட்டீங்களா ஆதாரம்?" என்றாள் ஜட்ஜம்மா. "பக்கத்துக் கடைக்காரி வந்து சொன்னா, உடனே அனுப்பிட்டீங்க. அவளுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னது பாதிப் பேப்பர். அதை நம்பத் தெரிஞ்ச உங்களுக்கு, நல்லது சொல்ல வந்தா மட்டும் ஆதாரம் வேணுமா?"

"மெதுவா பேசுங்க. குழந்தைங்க எழுந்துடும்."

ஜட்ஜம்மா குரலைத் தாழ்த்தவில்லை. முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.